பணம் போயிற்று, சீட்டு வரவில்லை



திருத்தணியில் ஆடிக் கிருத்திகை எப்படியிருக்கும் என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சற்றுச் சொல்லவேண்டும். மலைமேலுள்ள முருகன் கோவிலுக்குக் காவடி சுமந்து வருவோரால் இரயிலடி முதல் மலையடிவாரம் வரை தெருவெல்லாம் நிறைந்திருக்கும். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து மட்டுமன்று, நகரி, புத்தூர் வழியாக ஆந்திரத்திலிருந்தும் மக்கள் திரண்டு வருவர். வருவோர் ஒவ்வொருவரிடமும் இக்காலத்தில் ஒரு கைப்பேசி இருக்கிறது. அத்தனை கைப்பேசிகளும் ஒரே நாளில் ஒரே சிற்றூரில் பேச முற்பட்டால் என்ன ஆகும்? அழைத்தால் மணி அடிக்காது. அனுப்பிய செய்தி நெடுநேரம் கழித்தே போய்ச் சேரும்.

அப்படிப்பட்டதொரு கிருத்திகை நாள் இரவு, செபமாலை முடித்து வெளியே வந்தபோது, பங்கு இல்லத்துத் திண்ணையில் ஒரு தகப்பனாரும் மகளும் உட்கார்ந்திருக்கக் கண்டேன். “தோத்திரம் சாமி” என்று எழுந்த அந்த மனிதரின் முகத்தில் இரத்தமில்லை. அவர் விசைத்தறியில் கூலிக்கு நெய்பவர். மகள் சென்னைக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வணிகவியல் படிக்கிறவள். அன்று நடந்ததை அவர்கள் சம்மதத்தின் பேரில் இங்கே எழுதுகிறேன். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்ட செய்தியன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலர் அப்படி எண்ணக்கூடும்.

பருவக் கட்டணம் 18,500 ரூபாய். கட்டுவதற்கு அன்றே கடைசி நாள். முன்பெல்லாம் தகப்பனார் காலை இரயிலேறிப் போய், கல்லூரிச் சாளரத்தில் வரிசையில் நின்று, எண்ணிக் கொடுத்து, முத்திரை குத்திய சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்புவார். அந்த ஆண்டு முதல் சாளரம் மூடப்பட்டது. இணையவழியில் மட்டுமே செலுத்தவேண்டும் என்று அறிவிப்பு. பணம் வங்கிக் கணக்கில் இருந்தது. தறிக்காரரிடம் முன்பணம் வாங்கி நான்கு நாள் முன்பே போட்டு வைத்திருந்தார். மாலையில் வேலை முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு ஒரு கணினிக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் பற்று அட்டையின் எண்களைத் தட்டினார். வங்கியிலிருந்து வரவேண்டிய ஒருமுறைக் கடவு எண் வர வெகுநேரமாயிற்று. வந்தது, தகப்பனார் வாசித்துச் சொன்னார், கடைக்காரர் அதைப் பதித்தார். திரையில் ஒரு சக்கரம் சுழலத் தொடங்கியது. சுழன்றது, சுழன்றது, நின்றபாடில்லை. பிறகு பக்கமே வெறுமையாயிற்று. “போகலை அண்ணே, இன்னொரு தரம் போடலாம்” என்றார் கடைக்காரர். போட்டபோது கணக்கில் பணமில்லை என்று பதில் வந்தது. பணம் போய்விட்டது, சீட்டு மட்டும் வரவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்குக் கெடு முடிகிறது. கடைக்காரர் ஒரு வழி சொன்னார்: ரொக்கமாகக் கொண்டு வந்தால் தம் கணக்கிலிருந்தே கட்டிவிடுவதாக.

பெற்ற மனம் என்ன செய்யும்? மனைவியின் தோட்டைக் கழற்றிக் கொண்டுபோய், நூற்றுக்கு ஐந்து வட்டியில் 18,500 வாங்கி வந்து கொடுத்தார். இம்முறை சீட்டு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் என் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே: “முதல்ல போன பணம் எங்கே சாமி இருக்குது?”

எனக்குத் தெரியவில்லை. வேதசாத்திரம் படித்தவன் நான். இதற்கு விடை படிக்கவில்லை. வங்கியில் விசாரிக்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலையிலேயே முதல் பணமும் கல்லூரிக் கணக்கில் ஏறிவிட்டது. ஆகவே ஒரே கட்டணம் இருமுறை கட்டப்பட்டதாயிற்று. திருப்பிக் கேட்டு மகள் விண்ணப்பம் எழுதினாள். கணக்குப் பிரிவில் ஒரு கேள்வி எழுப்பினார்கள்: இரண்டாவது சீட்டில் உள்ள கைப்பேசி எண் உங்களுடையதில்லையே, யார் இவர்? கடைக்காரர் அவசரத்தில் தம் எண்ணையே பதித்திருந்தார். கடிதம் போய், பதில் வந்து, மறுபடி கடிதம் போய், மார்கழி பிறந்த பிறகு பணம் திரும்பிற்று. அதுவும் எங்கே? எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே போகும் என்பது விதி. ஆகவே கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. அந்த மனிதர் நல்லவர். பணம் விழுந்த அன்று மாலையே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் நான்கு மாத வட்டி 3,700 ரூபாயை யார் கொடுப்பார்? அந்தத் தோடு காதுக்குத் திரும்பியபோது கிறிஸ்து பிறப்பு விழாவும் கடந்திருந்தது.

இதில் கெட்டவர் என்று சுட்ட ஒருவருமில்லை. இருந்தும் ஓர் ஏழைக் குடும்பம் நான்கு மாதம் வட்டி கட்டியது. இதை எண்ணி எண்ணிப் பார்த்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன், வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற பங்கு அன்பர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அவர் சொல்லித் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

மணியார்டர் அனுப்பிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பணம் ஊருக்குப் போய்ச் சேரும். அதோடு ஒட்டியிருந்த ஒப்புதல் சீட்டில் வாங்கியவர் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார். சில நாள் கழித்துத் தபால்காரர் அந்தச் சீட்டை நம்மிடம் கொண்டுவந்து கொடுப்பார். பணம் போவது ஒரு பயணம். போய்ச் சேர்ந்தது என்ற செய்தி திரும்பி வருவது வேறொரு பயணம். சீட்டு வர நாளாயிற்று என்பதற்காக எவரும் இரண்டாவது மணியார்டர் அனுப்பியதில்லை. இணையவழியிலும் அதே இரண்டு பயணங்கள்தாம். நம் வங்கியிலிருந்து பணம் புறப்பட்டு, இடையில் உள்ள கட்டண வாயில் ஒன்றின் வழியே கல்லூரியின் வங்கிக்குப் போகிறது. போய்ச் சேர்ந்த செய்தி அதே வழியில் திரும்பி வந்து, கல்லூரிப் பக்கத்தில் சீட்டாக அச்சாகிறது. இவையெல்லாம் சில நொடிகளில் நடந்துவிடுவதால் ஒன்றே என்று நினைக்கிறோம். வழியில் இணைப்பு அறுந்தால்தான் இரண்டு என்பது தெரிகிறது.

இப்படி அறுந்துபோனால் என்ன செய்யவேண்டும் என்பதற்கு நாட்டில் விதி உண்டு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-இல் ஒரு சுற்றறிக்கை பிறப்பித்தது. அட்டை வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ ஒரு நிறுவனத்துக்குக் கட்டிய பணம் நம் கணக்கில் கழிந்து, பெறுபவரிடத்தில் உறுதியாகாமற்போனால், அந்நாளுக்குப் பின் ஐந்து நாள்களுக்குள் அது தானாகவே நம் கணக்குக்குத் திரும்பவேண்டும். அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு தரவேண்டும். நாம் புகார் எழுதாவிட்டாலும் தரவேண்டும். ஆக, அன்றிரவு அந்தப் பணத்துக்கு இரண்டே கதிகள் இருந்தன: ஒன்று, கல்லூரிக்குப் போய்ச் சேர்வது, மற்றொன்று, ஐந்து நாளில் வீடு திரும்புவது. தொலைந்துபோவது என்ற மூன்றாம் கதி இல்லை. இதை அந்தத் தகப்பனார் அறிந்திருந்தால், அல்லது நான் அறிந்திருந்தால், தோடு காதிலேயே இருந்திருக்கும். வங்கி விதிப்படி நடக்கவில்லையென்றால் எழுத்தில் புகார் கொடுத்து, முப்பது நாளில் தீராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை.

“ஐந்து நாள் காத்திருக்கலாம் சாமி, கெடு காத்திருக்குமா?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். அதனால்தான் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே கட்டிவிடுங்கள் என்று மன்றாடுகிறேன். பணம் நான்கு நாளாகக் கணக்கில் இருந்ததே! ஆனால் இதையும் சொல்லவேண்டும்: ஏழை கடைசி நாளில் கட்டுவது எப்போதும் சோம்பலால் அன்று. கூலி வரும் நாள் சனிக்கிழமை. கெடு முடிகிற நாள் வியாழக்கிழமை. இதை அறியாதவர்களே அவனை எளிதில் ஏசுகிறார்கள்.

நிற்க. பழைய ஏற்பாட்டில் தோபித்து ஆகமத்தை நம் குடும்பங்களில் எத்தனை பேர் வாசித்திருக்கிறீர்கள்? திருமணப் பூசையில் தோபியா, சாராவின் செபம் வாசிக்கப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் அந்தக் கதை முழுவதும் ஒரு பணப் பட்டுவாடாவில் தொடங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நினிவே நகரில் பார்வையிழந்து, வறுமையுற்று உட்கார்ந்திருக்கும் தோபித்துக்கு, இருபது ஆண்டுகளுக்கு முன் மேதியா நாட்டில் ஒருவரிடம் ஒப்படைத்து வைத்த பத்துத் தாலந்து வெள்ளி நினைவுக்கு வருகிறது. மகனைப் போய் வாங்கிவரச் சொல்கிறார். மகன் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள்: அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவரைத் தெரியாது, அவர் நம்பும்படி நான் எந்த அடையாளத்தைக் காட்டுவேன்? அந்த நாட்டுக்குப் போகும் வழியும் எனக்குத் தெரியாதே?

தோபித்தின் விடை வெகு நடைமுறையானது. இருவரும் கையெழுத்திட்ட பத்திரம் ஒன்று உண்டு. அதை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டோம். என் பாதி இதோ. இது முதலாவது. வழி தெரிந்த, நம்பத்தக்க ஓர் ஆளைத் தேடி உடன் அழைத்துக்கொள். அவனுக்குக் கூலி கொடுப்போம். இது இரண்டாவது. வந்தவரோ மனித உருவில் வந்த இரபேல் அதிதூதர். இருந்தும் தோபித்து அவரை இன்னார் என்று சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. உன் குலம் என்ன, குடும்பம் என்ன, யார் மகன் நீ என்று விசாரித்த பிறகே மகனை ஒப்படைக்கிறார். நாளுக்கு ஒரு திராக்மா கூலி பேசுகிறார். விண்ணவரையே விசாரித்த அந்தக் குருட்டுக் கிழவரின் எச்சரிக்கையில் பத்தில் ஒரு பங்கு நமக்கு இருந்தால் போதும்! (அவர்களோடு வீட்டு நாயும் புறப்பட்டுப் போயிற்று என்று ஆகமம் சொல்கிறது. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் மறக்காமலிருப்பது அந்த நாயைத்தான்.) கடைசியில் இரபேல் பத்திரத்தைக் காட்ட, பணப்பைகள் முத்திரை குலையாமல் எண்ணிக் கொடுக்கப்படுகின்றன.

கிழித்த பத்திரத்தில் நம் கையிலுள்ள பாதிதான் இக்காலத்துப் பரிவர்த்தனை எண். இணையவழியில் செல்லும் ஒவ்வொரு தொகைக்கும் ஓர் எண் உண்டு. சீட்டு அச்சாகாவிட்டாலும் அந்த எண் வங்கியில் இருக்கும். கணக்குப் புத்தகத்தில் பதியும். கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகவும் வரும். அதை அழித்துவிடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், தொகை, அந்த எண் நான்கையும் எழுதி வையுங்கள். அந்த எண்ணைக் கொண்டு, பணம் போனதா, நின்றதா, திரும்பியதா என்று வங்கியிலும் கல்லூரியிலும் கேட்டறியலாம்.

இன்னொரு செய்தி. பல பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் ஸ்டேட் வங்கியின் ‘கலெக்ட்’ என்னும் பக்கத்தின் வழியாகவே கட்டணம் வாங்குகின்றன. அதில் பணம் கட்டும்போது பிறந்த தேதியும் கைப்பேசி எண்ணும் கேட்பார்கள். ஏதோ வழக்கத்துக்குக் கேட்கிறார்கள் என்று எண்ணவேண்டாம். சீட்டு தொலைந்துபோனால் அல்லது அச்சாகாமற்போனால், அதே பக்கத்தில் பழைய கட்டணங்களைத் தேடும் இடத்தில் அவ்விரண்டையும் கொடுத்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் தம் எண்ணைப் பதித்திருந்தால் உங்கள் பெட்டியின் சாவி அவர் மடியில் இருக்கிறது என்று பொருள். எனவே எந்தக் கடையில் கட்டினாலும், பக்கத்தில் நின்று, உங்கள் வீட்டு எண்ணையே பதியச் சொல்லுங்கள். மரியாதையாகச் சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

உடன் வரும் ஆளைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் எல்லைப்புறப் பங்குகளில் வீட்டில் தெலுங்கு பேசித் தெலுங்கிலேயே சிறிது படித்த தாய்மார்கள் உண்டு. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கும் தகப்பன்மார் உண்டு. கட்டணப் பக்கமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆதலால் துணை வேண்டியிருக்கிறது, அதில் வெட்கமில்லை. ஆனால் துணை வருபவரிடம் காட்டக்கூடியது வேறு, கொடுக்கக்கூடாதது வேறு. கல்லூரி அறிவிப்பைக் காட்டலாம். மாணவர் எண்ணைக் காட்டலாம். யு.பி.ஐ. இரகசிய எண்ணை மட்டும் பெற்ற பிள்ளை தவிர வேறெவர் எதிரிலும் தட்டவேண்டாம். ஒருமுறைக் கடவு எண்ணை, நீங்களே தொடங்கி உங்கள் கண்ணெதிரே நடக்கும் கட்டணத்துக்கன்றி, தொலைபேசியில் கேட்கும் எவருக்கும் சொல்லலாகாது. 2016-இல் வந்த பீம் செயலியைத் தமிழிலும் தெலுங்கிலும் வைத்துக்கொள்ள முடியும். அப்படி மாற்றிக் கொடுத்த அன்று, எங்கள் பங்கில் ஒரு தாயார், “நா பாஷலோனே உந்தி சாமி!” என்று அந்தத் திரையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

பள்ளி கல்லூரி திறக்கும் காலம் திருடர்களுக்கும் அறுவடைக் காலம். “உங்கள் மகளுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, இந்தக் கட்டத்தைப் படம் பிடித்து இரகசிய எண்ணைப் போடுங்கள்” என்று அழைப்பு வரும். பணம் வாங்குவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. கொடுப்பதற்கு மட்டுமே தேவை. இந்த ஒரு வரியைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தகும். கல்லூரியின் பெயரைத் தேடும்போது முதலில் வந்து நிற்கும் பக்கம் கல்லூரியுடையதாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. சேர்க்கைக் கடிதத்தில் அச்சிட்ட முகவரியையே தட்டுங்கள். ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டிராமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்துச் சொல்லவேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை இடையிலேயே நிறுத்த வாய்ப்புண்டு.

கட்டுவது எப்படி என்பதோடு, கட்டவேண்டுமா என்பதும் ஒரு கேள்வி. கட்டவேண்டாத பணத்தைக் கடன் வாங்கிக் கட்டிய குடும்பங்களை நான் அறிவேன். அது இதைவிட வருத்தம் தருவது. வீட்டில் இதற்குமுன் பட்டதாரியே இல்லையெனில், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சலுகையை 2010-இல் தமிழக அரசு ஏற்படுத்தியது. அதற்கான சான்றிதழை வருவாய்த் துறையிடம் இ-சேவை மையத்தின் வழியாகப் பெற்று, கலந்தாய்வின்போதே சேர்த்துவிடவேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்குப் பொறியியல் முதலிய படிப்புகளில் 7.5 விழுக்காடு இடமும், அவர்களது கட்டணத்தை அரசே ஏற்பதும் 2021-இல் வந்தன. ஆதிதிராவிடர் குலத்திலிருந்து கிறிஸ்தவம் தழுவிய குடும்பங்களின் பிள்ளைகளை மத்திய அரசின் பட்டியல் விட்டுவிட்டாலும், மாநில அரசு அவர்களுக்கும் உயர்கல்வி உதவித்தொகை வழங்குகிறது. நம்மவருள் பலர், கிறிஸ்தவர் என்றாலே ஒன்றும் கிடையாது என்று தாமே முடிவு கட்டி விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அரசு வழங்கும் தொகைகள் பெரும்பாலும் ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்குக்கே வருகின்றன. கணக்கு இணைக்கப்படாததாலோ, வெகுநாள் வரவு செலவின்றி உறங்கிப்போனதாலோ பணம் திரும்பிப்போன கதைகள் உண்டு.

கல்லூரி மாறும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், 5,000 ரூபாய்க்கு மேற்படாத கழிவு போகக் கட்டணம் திரும்பவேண்டும். மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளலாகாது. கடனே வேண்டுமென்றாலும் ஐந்து வட்டிக்காரர் வாசலுக்கு முன் வங்கியின் வாசலை மிதியுங்கள். கல்விக் கடன் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேளாமல் தரப்படுவது வழக்கம்.

இவ்வளவும் குடும்பங்களுக்குச் சொன்னேன். கல்வி நிலையங்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு; நம் திருச்சபையின் நிலையங்களையும் சேர்த்தே சொல்கிறேன். இணையவழிக் கட்டணம் தவறன்று. வரிசையில் நின்று ஒரு நாள் கூலியை இழப்பதை அது தவிர்க்கிறது. கைக்கு வந்த பணம் கணக்கில் ஏறாமற்போகும் பழைய ஊழலையும் அது அடைத்தது. ஆனால் சாளரத்தை மூடியபோது, அதன் பின்னாலிருந்து “என்ன பெரியவரே, இந்த மாதம் குறைகிறதா? திங்கட்கிழமை கொண்டு வாரும்” என்று சொன்ன அந்த எழுத்தரையும் சேர்த்து மூடிவிட்டோமே! இயந்திரத்துக்கு முகம் பார்க்கத் தெரியாது. பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடம் ஆனால் அது அபராதம் போடும். கிருத்திகை என்று சொன்னால் அதற்குப் புரியாது. கட்டணக் கெடு முடியும் வாரத்தில் மட்டுமாவது ஒரு மேசையும், கேட்க ஒரு மனிதரும், பணம் கழிந்ததற்கு வங்கிச் சான்று காட்டுவோருக்கு ஐந்து நாள் தவணையும் தருவது எந்த நிலையத்துக்கும் இயலாத காரியம் அன்று. இரட்டிப்பாக வந்த பணத்தை ஏழையின் விண்ணப்பத்துக்குக் காத்திராமல், கணக்கு ஒத்துப் பார்க்கும்போதே கண்டு திருப்புவது தர்மமன்று, நீதி.

எங்கள் திருத்தணியில் 1888 செப்டம்பர் 5-இல் பிறந்த ஓர் ஏழைச் சிறுவன், திருப்பதியிலும் வேலூரிலும் கிறிஸ்தவ மிஷன் நிலையங்களில் படித்துப் பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை அடைந்தான். உதவிச் சம்பளம் இல்லாதிருந்தால் அந்தப் படிப்பு நின்றிருக்கும் என்பர். பிற்காலத்தில் அவர் நாட்டின் பல்கலைக்கழகக் கல்விக்கென 1948-இல் அமைந்த ஆணைக் குழுவுக்குத் தலைவரானார், குடியரசுத் தலைவருமானார். டாக்டர் இராதாகிருஷ்ணன் பெயரை இங்கே எடுப்பது ஊர்ப் பெருமைக்காக மட்டுமன்று. அவர் கட்டணத்தைக் கணக்கிட்டு வாங்கிய அந்த மிஷன் எழுத்தர்களின் பெயர் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அவர்களுள் எவரேனும் ஒருவர் ஒரு தவணை முகம் சுளித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சிலசமயம் நினைப்பதுண்டு. அவருடைய பிறந்த நாளிலேதான், 2022-இல், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் தொடங்கப்பட்டது.

அந்த ஆடிக் கிருத்திகைக்குப் பிறகு எங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையார் கூடிப் பேசினார்கள். அந்தச் சபையை 1833-இல் பாரிசில் தொடங்கிய ஓசானாமும் அவர் தோழர்களும் பல்கலைக்கழக மாணவர்களே என்பதை ஒருவர் நினைவூட்டினார். முடிவில், கட்டணக் காலங்களில் சனிக்கிழமை மாலைதோறும் பங்கு இல்லத்தின் முன் அறையில் ஒரு மேசை போடுவதென்று தீர்மானித்தோம். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் மூவர் முறை வைத்து உட்காருகிறார்கள். ஓய்வுபெற்ற அந்த வங்கி அன்பர் பக்கத்தில் இருக்கிறார். எவர் பணத்தையும் இவர்கள் கையில் வாங்குவதில்லை. எவர் இரகசிய எண்ணையும் கேட்பதில்லை. அவரவர் கைப்பேசியில், அவரவர் கணக்கிலிருந்து, அவரவர் விரலால் கட்டவேண்டும். இவர்கள் வழி மட்டும் சொல்வார்கள். கட்டி முடித்ததும் சீட்டை இரண்டு படி எடுத்து, ஒன்றை மாணவரிடமும் ஒன்றைப் பெற்றோரிடமும் கொடுப்பார்கள். ஒரு படி போதாதா, தாள் வீணாகிறதே என்று ஓர் இளைஞன் கேட்டான். தோபித்து ஆகமம் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னேன்.

அந்தத் தகப்பனார் இப்போது முதல் ஆளாக வந்துவிடுகிறார். கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போதே கட்டி, சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் கட்டி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். யாருடைய திரையிலாவது சக்கரம் சுழன்று நின்றுபோனால், “அவசரப்படாதீங்க, எங்கேயும் போகாது, நம்பரை எழுதிக்குங்க” என்று அவர்தான் முதலில் சொல்கிறார்.

அடுத்த பருவக் கட்டணத்துக்கான அறிவிப்புகள் வரத் தொடங்கியிருக்கும். வருகிறவர்கள் கல்லூரி அறிவிப்பு, மாணவர் எண், வங்கிக் கணக்குப் புத்தகம், மின்னூட்டம் நிரம்பிய கைப்பேசி இவற்றைக் கொண்டு வரவேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேசை போடப்படும். வேறு பங்கினர் வந்தாலும், வேறு சமயத்தார் வந்தாலும் வரவேற்போம். கடைசி நாளில் ஓடி வருபவர்களையும் திருப்பி அனுப்பமாட்டோம். என்னிடம் கொஞ்சம் ஏச்சு மட்டும் கேட்கவேண்டியிருக்கும்.